சந்தூக்கின் பக்கத்தில் நான் சொல்லிக்கொடுத்தது

எங்கள் ஊரில் மனைவி உயிரோடு இருக்க ஆண் ஒருவர் மவுத்தாகிவிட்டால் என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்புவார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, பள்ளிவாசலிலிருந்து வந்த சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கப்போகும் நேரம் அது. ஆண்கள் திரைக்கு வெளியே நிற்பார்கள். நான் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து சந்தூக்கின் பக்கத்தில் உட்கார வைப்பேன். காதருகே குனிந்து, "ஒம் மஹர மன்னிச்சுட்டேன்னு சொல்லும்மா" என்பேன். அவள் சொல்வாள். நான் திரையின் பக்கம் திரும்பி, "சொல்லிட்டா" என்பேன். அதற்குப் பிறகுதான் தூக்குவார்கள்.

மஹர் என்பது நிக்காஹ்வின்போது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. ரூபாயோ பவுனோ, இவ்வளவு என்று பள்ளிவாசல் கல்யாணப் புத்தகத்தில் எழுதுவார்கள். எழுதுவதோடு சரி. கையில் வாங்கிய பெண்கள் எங்கள் ஊரில் குறைவு. கேட்பதும் வழக்கமில்லை. புருஷன் செத்த அன்றைக்குத்தான் அந்தப் பேச்சே வரும், அதுவும் வேண்டாம் என்று சொல்ல வைப்பதற்காக.

இந்த வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம், எனக்குச் சத்தமாகப் பேச வராது. நான்கு பேர் சேர்ந்து பார்த்தால் தலை குனிந்துவிடும். அஞ்சாவது படிக்கும்போது டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னாலே அழுதுவிடுவேன். மய்யித்து வீட்டில் மட்டும் அந்தச் சின்னக் குரல் எல்லாருக்கும் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் மவுத்தானபோது எனக்கும் ஒருவர் இப்படிக் காதில் சொல்லித்தான் நான் சொன்னேன். என் மஹர் நூற்றொரு ரூபாய். அன்றைக்கு எனக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை. என்ன சொல்லச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

மதரஸா மாடியில் பெண்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தபோது சாவி என்னிடம் இருந்தது. அதனால்தான் நான் அங்கே போனேன். கூட்டிப் பெருக்கி, பாய் விரித்து, டீ போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. வகுப்பு எடுக்க வந்த ஆலிமா, மார்க்கம் படித்தவள், சின்னப் பெண். குரும்பலூரில் வாழ்க்கைப்பட்டவள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பெரம்பலூரில் பஸ் மாறி லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்து சேர்வாள். ஓதிக்கொடுக்க வருகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவள் கரும்பலகையில் பெரிதாகப் 'பணம்' என்று எழுதினாள்.

முதல் நாள் வட்டியைப் பற்றிப் பேசினாள். வாங்குவதும் கூடாது, கொடுப்பதும் கூடாது என்றாள். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் குழுக் கடன் வாங்கி வாராவாரம் கட்டுகிறவர்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்:

"பாவத்த மறுமையில பாத்துக்கலாம் ஆலிமாம்மா. புள்ளைக்கு பீஸு திங்கக்கெழம கட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆலிமா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளும் சிரித்துவிட்டு, "அந்த பீஸப் பத்திப் பேசத்தான் நானும் வந்திருக்கேன்" என்றாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக எவ்வளவு கடன், எதற்காக வாங்கியது என்று கேட்டாள். இருப்பதைக் கட்டி முடியுங்கள், புதிதாக வாங்காதீர்கள், வாரம் இருபது ரூபாய் இங்கேயே போட்டு வைப்போம், அவசரம் என்றால் அதிலிருந்து வட்டியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். என் பழைய பிஸ்கட் டப்பாதான் பெட்டி.

நான் கடைசியில், சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

"அம்மா, கொஞ்சம் முன்னாடி வந்து உக்காருங்களேன்" என்பாள் ஆலிமா.

"இல்லம்மா. டீ அடுப்புல இருக்கு."

"பெரிம்மா இன்னும் அடுப்பே பத்த வைக்கல" என்று காட்டிக்கொடுப்பாள் தையல்காரப் பெண்.

இவள் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். சொந்த லாரிதான், பழையது. மாமியார் வீட்டோடுதான் இருந்தாள். அந்த மாமியார் என் கூட்டாளி, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அஞ்சாவது வரை படித்தவள். ஊரில் என்னை 'ஏடி' என்று கூப்பிட இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம்.

தையல் இல்லாத நாளில் இந்தப் பெண் எங்களோடு வெங்காயம் அறுக்க வருவாள். சின்ன வெங்காயத்தை வயலோரத்தில் தட்டி கட்டிப் பட்டறை போட்டு வைத்திருப்பார்கள். விலை வந்ததும் பிரித்துக் கொட்ட, நாங்கள் உட்கார்ந்து தாளையும் வேரையும் அறுப்போம். ஒரு நாள் அங்கேதான் கேட்டாள்.

"பெரிம்மா, மவுத்தானவங்க சொத்துல கடனக் கழிச்சுட்டுத்தான் பங்குன்னு ஆலிமா சொல்லிச்சே. அது என்னா? எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது."

நான் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பாதிப் பங்கு வாரத்துக்கு விட்ட காட்டுல வெங்காயம் எடுத்ததும் என்னா பண்ணுவாங்க? நேரா குவியலப் பங்கு போட்டுடுவாங்களா? வெதை குடுத்தவங்களுக்கு வெதை வெங்காயத்த மொத எடுத்து வெச்சுட்டுத்தானே மிச்சத்த ரெண்டாக்குவாங்க. அந்த வெதை யாரு பங்குலயும் சேராதுல்ல? கடனும் அப்படித்தான். அது செத்தவரு சொத்தே இல்ல. குவியல்ல கெடந்தாலும் குடுத்தவங்களோடது."

சுற்றியிருந்தவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அத்தோடு என் பேச்சு நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவள் ஆலிமாவிடம் சொல்லிவிட்டாள். ஆலிமா கரும்பலகையில் 'விதை வெங்காயம்' என்று எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டம்ளரை எடுக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஆலிமா என்னை விடவில்லை. ஆண்டிமடத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் வகுப்பு வைத்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தையல்காரப் பெண்ணின் பிறந்த ஊர் அது. அவளுடைய அம்மா அங்கே முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிறவள். போனால் யாரும் பாயில் வந்து உட்காரவில்லை. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டையை உடைத்தபடியே இருந்தார்கள். உடைத்தால்தான் கூலி. நானும் ஒரு கட்டையை வாங்கிக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தேன். கண்ணைக் கொட்டையில் வைத்துக்கொண்டால் எனக்கு வாய் வருகிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். நீ சம்பாதிப்பது உன்னுடையது, புருஷனுக்குக் கொடுத்தால் அது உன் மனசு, அவர் உரிமையில்லை என்று ஆலிமா சொல்லிக்கொடுத்ததை என் பேச்சில் சொன்னேன்.

"இத எங்க வூட்டுக்காரருக்கு யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?" என்றாள் ஒருத்தி.

"எனக்கு ஆம்பளைங்ககிட்ட பேச வராதும்மா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். விரல் நுனியெல்லாம் முந்திரி எண்ணெய் பட்டு ஒரு வாரம் தோலுரிந்தது.

இப்படியெல்லாம் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மஹர் பாடம் வந்தது.

மஹர் என்பது பெண்ணுக்குப் புருஷன் பட்ட கடன் என்றாள் ஆலிமா. அவர் கொடுக்காமல் இறந்துவிட்டால், அடக்கச் செலவுக்குப் பிறகு மற்றக் கடன்களோடு அதையும் எடுத்து வைக்க வேண்டும். பங்கு பிறகுதான். அவள் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் மனமுவந்து விட வேண்டும். "சில ஊர்கள்ல மய்யித்த வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணுகிட்ட மன்னிச்சுட்டேன்னு சொல்ல வைக்கிறாங்க. அழுதுகிட்டு இருக்கிறவ வாயிலேர்ந்து புடுங்குற வார்த்தை அது. அத மன்னிப்புன்னு எப்படிச் சொல்றது?"

நான் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அதில் இரண்டு பேருக்கு நானே காதில் சொல்லியிருக்கிறேன்.

"பெரிம்மாவப் பாக்காதீங்கடி. பலகையப் பாருங்க" என்றாள் தையல்காரப் பெண்.

ஆலிமா வேற்றூர்க்காரி. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லாரும் போன பிறகு டம்ளர் கழுவ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஒங்ககிட்ட தனியா சொல்லியிருப்பேன்."

"தனியாச் சொன்னா சரி, கூட்டத்துல சொன்னா தப்புன்னு இருக்கா என்னா."

"அவங்க மனசறிஞ்சு சொல்லியிருந்தா அது செல்லும்மா."

"அந்த நேரத்துல மனசு எங்கம்மா இருக்கும்?" என்றேன்.

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு முடிவு செய்தேன். இனி ஆள் வந்தால் காய்ச்சல் என்று சொல்லிவிடுவது. போகாமல் இருந்துவிட்டால் போதும், வேறு யாராவது சொல்லிக்கொள்ளட்டும். அதை எதிர்த்துப் பேசவேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

தையல்காரப் பெண் மட்டும் அந்தப் பாடத்தை அப்படியே விடவில்லை. பள்ளிவாசல் கல்யாணப் புத்தகத்தில் தன் பக்கத்தைப் பார்க்கச் சொல்லி ஆள் விட்டாள். மூன்று பவுன், பின்னால் தருவது என்று இருந்தது. வெங்காயம் அறுக்கும்போது என்னிடம் சொன்னாள்.

"அவருகிட்ட கேட்டேன் பெரிம்மா. சிரிச்சாரு. லாரித் தவணை இன்னும் ரெண்டுதான் பாக்கி, அது முடிஞ்சா மொதப் பவுனு ஒனக்குத்தான்னாரு. நெசமாத்தான் சொன்னாரு. மூணும் வந்துச்சுன்னா பெரம்பலூர்ல ஒரு சின்ன ரூம்பு புடிச்சு ரெண்டு மோட்டார் மிஷின் போட்டுடுவேன்."

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அரியலூர் ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டு போனவனுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. லாரியை ஓரமாக ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தி, சாவியையும் திருப்பி அணைத்துவிட்டு, அப்படியே ஸ்டீரிங்கில் சாய்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் எனக்கு ஆள் வந்தது. காய்ச்சல் என்று சொல்ல வாய் திறந்தேன். வந்தவர், "ஒங்க கூட்டாளிதான் கூப்பிட்டு வரச் சொன்னாங்க" என்றார். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போனதும் கூட்டாளி என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்றிருந்தது.

"ஏடி, அவள சீக்கிரம் சொல்ல வையி. எம்புள்ள கடனோட குழிக்குள்ள போவக்கூடாது. நான் தாங்க மாட்டேன்."

அவளைத் தப்பாக நினைக்க என்னால் முடியவில்லை. பவுன்மேல் ஆசைப்பட்டு அவள் கேட்கவில்லை. கடன்பட்டவனின் உயிர், அந்த ரூஹு, கட்டுப்பட்டுக் கிடக்கும் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். கபரில் தன் பிள்ளை என்ன பாடுபடுமோ என்பது அவளுடைய பயம். இந்தப் பக்கம் தையல்காரப் பெண். மூன்று பவுனை விட்டுவிட்டாள் என்றால் இவள் கையில் ஊசிநூலைத் தவிர ஒன்றுமில்லை. லாரியைச் செத்தவனின் அண்ணன்காரன் பார்த்துக்கொள்வான், சோறும் போடுவான். ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு வாங்கவும் அவன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஆண்டிமடத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றால் அங்கே முந்திரிச் சாம்பல்தான் இருக்கிறது.

அவளை அழைத்து வந்து சந்தூக்கின் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவளுக்கு என்னைத் தெரிந்தது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. உதடு லேசாகத் திறந்தது. நான் சொன்னால் சொல்லிவிடுவாள் போலிருந்தது. காதருகே குனிந்தேன்.

"இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். அவரு மொகத்த நல்லாப் பாத்துக்க" என்றேன்.

என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

திரைக்கு வெளியிலிருந்து அண்ணன்காரன் கேட்டான். "பெரிம்மா, சொல்லிட்டாங்களா?"

நான் திரையின் பக்கம் திரும்பினேன்.

"பெரிம்மா?"

'சொல்லிட்டா' என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. என் கூட்டாளிக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அவள் அழுதுகொண்டிருக்கிறாள், சொன்னாளா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷத்தில் அழுகையில் சரியாகக் காதில் விழாததையும் நான் 'சொல்லிட்டா' என்று சொன்னதுண்டு. அன்றைக்கு அதுவும் ஞாபகம் வந்தது.

"இல்ல" என்றேன்.

"என்னா?"

"சொல்லல."

கூட்டாளி என் தோளைப் பிடித்தாள். "சொல்ல வையிடி. எதுக்குடி சும்மா நிக்கிற?"

வெளியே தொழ வைக்கும் பள்ளிவாசல் ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். திரையின் கீழ்ப்பக்கம் தையல் பிரிந்து ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த நூலைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"ஹஜ்ரத், பள்ளிவாசல்ல ஜனாஸா தொழுவ வைக்கிறதுக்கு முன்னாடி கேப்பீங்கல்ல, இவரு யாருக்காவது கடன் பாக்கி வெச்சிருந்தா சொல்லுங்க, அதுக்கு இன்னாரு பொறுப்பு ஏத்துக்குவாருன்னு. அத இங்கயும் ஒரு தடவ கேளுங்க. கடன் வர வேண்டியவ இங்கதான் உக்காந்திருக்கா. அவ பள்ளிவாசலுக்கு வர முடியாது."

ஆண்கள் இருக்கும் இடத்தில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். யாரோ பெரியவர் ஒருவர், "இது என்னா புதுப் பழக்கம்?" என்றார். வேறு யாரோ வெயில் ஏறுகிறது என்றார். கொஞ்சம் கழித்து ஹஜ்ரத், "கேக்குறது மொறைதான்" என்றார். பிறகு பள்ளிவாசலில் கேட்கிற அதே குரலில் கேட்டார். இந்த மய்யித்து யாருக்காவது எதுவும் கொடுக்க வேண்டியிருந்தால் இப்போது சொல்லலாம்.

நான் அவளுக்குக் காதில் எதுவும் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"மூணு பவுனு. புத்தகத்துல இருக்கு."

கூட்டாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே அண்ணன்காரன் பேசவே இல்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தம்பி செத்த அன்றைக்கு மூன்று பவுனுக்கு ஊர் முன்னால் வாக்குக் கொடு என்றால் யாருக்குத்தான் வாய் வரும்? நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று எனக்குப் பட்டது.

அப்போது என் கூட்டாளி தரையில் உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரியவனே, சொல்லுடா. தம்பி காத்துக் கெடக்கான்ல."

"அம்மா, அது இல்ல..."

"எது இல்ல? அவன் கடனோட போவணுமா? சொல்லுடா."

"நான் பொறுப்பு" என்றான் அவன்.

தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு என் கூட்டாளி என்னோடு பேசவில்லை. வெங்காயக் களத்துக்கு நான் போனால், "வாத்தியாரம்மா வராங்க, எடம் விடுங்கடி" என்று மற்றவர்களிடம் சொல்வாள். நான் ஓரமாக உட்கார்ந்து அறுத்துவிட்டு வருவேன். எங்களுக்குள் அறுபது வருஷத்தில் இவ்வளவு நாள் பேச்சில்லாமல் இருந்ததில்லை. யாரும் மய்யித்து வீட்டுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் இந்தக் கிழவி வில்லங்கம் பண்ணுவாள் என்று பேச்சு இருந்தது. ஆலிமா என்னைப் பெரிதாகப் புகழ வந்தாள். வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன். நல்லது செய்தவள் மாதிரி எனக்குள் எதுவும் இல்லை. முன்னால் சொல்ல வைத்தவர்களின் முகம்தான் வந்து வந்து போனது.

அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல்தான் போனேன். ஒருத்தி, "அட, நீ சொல்லலேன்னா வேற ஒருத்தி சொல்லியிருப்பா" என்று காபி கொடுத்தாள். இன்னொருத்தி என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மனசுல இல்ல மாமி அன்னிக்கு. வாய்தான் சொல்லுச்சு. இப்பக் கேட்டு என்னா ஆவப்போவுது?" என்றாள். அவள் வீட்டில் நான் உட்காரவில்லை. மன்னித்துக்கொள் என்று நான் கேட்க வேண்டும். கேட்டால் அவளும் மன்னிச்சுட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, கேட்காமலே வந்துவிட்டேன்.

நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்துத் தையல்காரப் பெண் வெளியே வந்தாள். அதற்குள் லாரியை விற்றிருந்தார்கள். லாரித் தவணை போக வந்ததில் அண்ணன்காரன் முதலில் மூன்று பவுனை எடுத்து வைத்தான். தங்கம் ஏறிப்போயிருந்தது. "கல்யாணத்தன்னிக்கே குடுத்திருந்தா பத்துல ஒரு பங்குகூட ஆயிருக்காது" என்று கடைவாசலில் நின்று புலம்பினானாம். பவுனாக எழுதியதைப் பவுனாகத்தான் கொடுக்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். மிச்சத்தைத்தான் பங்கு போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். பின்னால் மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. என் கூட்டாளி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, என்னைப் பார்க்காமல் பாயில் உட்கார்ந்தாள். அவள் அந்த மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

தையல்காரப் பெண் நகைக்கடைச் சிவப்புக் காகிதத்தைப் பிரித்து மூன்று பவுன் காசுகளைக் காட்டினாள். எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தி கடித்துப் பார்க்கப் போனாள், அடி வாங்கினாள். கை மாறி மாறி அவளிடமே திரும்பி வந்தன. அவள் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஒரு காசை எடுத்து மாமியாரிடம் நீட்டினாள்.

"மாமி, இத அவருக்கு விட்டுடறேன். ரெண்டு எனக்குப் போதும்."

"யாரு கேட்டா ஒன்ன?" என்றாள் மாமியார்.

"யாரும் கேக்கலீங்க மாமி. அதான் குடுக்கறேன். அவரு மொதப் பவுனு எனக்குன்னு சொன்னாருல்ல. அது இருக்கட்டும் அவரு பேர்ல."

ஆலிமா கையில் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தாள். மனமுவந்து என்றால் என்ன என்று அவள் மூன்று வாரம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எதுவும் எழுதவில்லை.

மாமியார் காசை முந்தானையில் முடிந்தாள். முடிச்சு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏடி, டீ உண்டா, இல்ல அடுப்பே பத்த வைக்கலியா?"

நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

என் நூற்றொரு ரூபாய் விஷயம் பாக்கி இருந்தது. அதைக் கேட்க என் வீட்டுக்காரரும் இல்லை, தர வேண்டியவர்களும் இல்லை. நான் முன்பு சொன்ன சொல் செல்லுமா செல்லாதா என்று ஆலிமாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பெண் காசை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாளே, அதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் முதலில் அது என்னுடையது என்று எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் இரண்டு நாள் அந்த நூற்றொரு ரூபாயை என்னுடையதாக மனசில் வைத்திருந்தேன். என்னவெல்லாம் வாங்கலாம் என்று பார்த்தேன். கல்யாணமான புதிதில் என்றால் ஒரு நல்ல சேலையும் இரண்டு பித்தளைக் குடமும் வாங்கியிருப்பேன். இன்றைக்கு என்றால் ஒரு கிலோ வெங்காயமும் கொஞ்சம் டீத்தூளும்.

அவர் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு குரும்பலூர், அதற்கு அந்தப் பக்கம் என்று ஊர் ஊராகப் போய் விற்றவர். விற்காமல் திரும்பும் நாளில் மூட்டையை இறக்காமல் வாசலில் நின்றுகொண்டே இருப்பார். நான் போய்ப் பிடித்து இறக்க வேண்டும். கையில் இருந்தால் கொடுத்திருப்பார். அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டு அந்த நூற்றொரு ரூபாயை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லாததால் குரல் நன்றாகவே வந்தது.